குடும்பம் என்பது குடும்பமே

"அத்தா, கனி அத்தைக்கு வல்லி அத்தை என்ன முறை?"

ஹுமைரா இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. அவளுடைய அத்தா அஹமது கபீர் ஷார்ஜா வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பின்கட்டில் வாடகைக்கு இருந்த இரண்டு பெண்களும் கொல்லைப் படியில் ஒரே தாம்பாளத்தில் உளுந்தைக் கொட்டி, ஆளுக்கு ஒரு பக்கமாக உட்கார்ந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். கபீர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். அரபு நாட்டு செக்போஸ்ட்டுகளில் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிப் பழகிய மனிதருக்கு இதற்குப் பதில் வரவில்லை.

"போய்ப் பல்லு வெளக்கு" என்றாள் அவர் மனைவி ஹலீமா. கேள்வி அத்தோடு முடிந்தது என்றுதான் கபீர் நினைத்தார். இரண்டு வருடம் கழித்து, பெரிய மனிதர்கள் ஒரு கூட்டமாகச் சேர்ந்து அதே கேள்விக்குப் பதில் தேடப்போகிறார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

கபீருக்கு நீடாமங்கலத்தில் மைக் செட், நாற்காலி, சாமியானா வாடகைக்கு விடும் தொழில். ஐந்து வேளையும் தொழுகிறவர். கோயில் திருவிழாவுக்கும், மாதா கோயில் தேருக்கும், பள்ளிவாசல் பயான் சொற்பொழிவுக்கும், கடவுள் மறுப்புப் பொதுக்கூட்டத்துக்கும் அவருடைய குழாய் ஒலிபெருக்கிகள்தான் போகும். யார் பேசினாலும் அது கடைசி வரிசைக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும். அவருக்குத் தெரிந்த சமய நல்லிணக்கம் அவ்வளவுதான்.

தெரியாத நல்லிணக்கம் ஒன்றும் இருந்தது. அதன் பெயர் வட்டார சர்வசமய நல்லிணக்கக் குழு. எப்போதோ ஒரு ஊர்வலத் தகராறில் பிறந்த குழு. பிறந்த நாளிலிருந்து அது ஒரு விஷயத்திலும் ஒத்துப்போனதில்லை. எந்தக் கிழமையில் கூடுவது என்பதிலேயே பல வருடங்கள் போயின. எந்த வாழ்த்துப் பாடலோடு தொடங்குவது என்று சண்டை வந்து, கடைசியில் மௌனத்தோடு தொடங்குவதாக முடிவாயிற்று. அப்புறம் மௌனத்தின்போது கண்ணை மூட வேண்டுமா, திறந்தே வைத்திருக்கலாமா என்று சண்டை வந்தது. தலைவர் இராஜாங்கம், கோயில் அறங்காவலர். துணைத் தலைவர் நெய்னா முகம்மது, அரிசி ஆலைக்காரர், பள்ளிவாசல் நிர்வாகி. மாதா கோயில் சார்பில் ஆரோக்கியசாமி வாத்தியார். நம்பிக்கையில்லாதவர்களுக்கென்று ஒரு நாற்காலி ஒதுக்கி, அதில் நெடுமாறனை உட்கார வைத்திருந்தார்கள்.

அந்தக் கோடையில் டெல்லிப் பெரிய கோர்ட்டில் ஒரு வழக்கு நடந்தது. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கல்யாணம் செய்துகொள்ளச் சட்டம் இடம் தர வேண்டும் என்று சிலர் கேட்டிருந்தார்கள். டிவியில் தினமும் அதே விவாதம். குழு அவசரமாகக் கூடியது. இராஜாங்கம், "இது கூடாது" என்றார். நெய்னா முகம்மது, "கூடவே கூடாது" என்றார். ஆரோக்கியசாமி வாத்தியார் தலையாட்டினார். நெடுமாறன் எழுந்து, "எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆனா இந்த ஒரு விஷயத்துல கடவுள் சொன்னது சரிதான்" என்றார்.

தாங்கள் ஒத்துப்போய்விட்டோம் என்பது ஒவ்வொருவருக்கும் மெல்லத்தான் உறைத்தது. இராஜாங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நெய்னா முகம்மதைக் கட்டிப்பிடித்தார். ஆறு பேர் மட்டுமே இருந்த அந்த அறைக்கும் மைக் வைத்திருந்த கபீர் ஒலியைக் குறைத்தார். தலைவர் மூக்கு உறிஞ்சுவது தெரு வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.

தீர்மானம் என்று வந்துவிட்டால் அதில் குடும்பம் என்றால் என்ன என்று எழுத வேண்டுமே. அதற்கு ஒரு துணைக்குழு போட்டார்கள். 'முறைப்படி மணந்த ஆணும் பெண்ணும்' என்று இராஜாங்கம் ஆரம்பித்தார். எது முறை என்று ஆரோக்கியசாமி வாத்தியார் கேட்டது தப்பாகிப் போயிற்று. இராஜாங்கம் கட்டியிருப்பது சொந்த அக்கா மகளை. நெய்னா முகம்மது அதைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டார். அவர் தன் மகனுக்கு எடுத்திருப்பது தம்பி மகளை. "சித்தப்பா மகளா? தங்கச்சியாச்சேய்யா அது" என்று இராஜாங்கம் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார். வாத்தியார், இரத்த சம்பந்தமே எங்களில் ஆகாது என்றார். சொந்தத்துக்குள் கட்டுவதே பிற்போக்கு என்றார் நெடுமாறன். உங்கள் மகளை உங்கள் அக்கா மகனுக்குத்தானே கொடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, அது கொள்கைத் திருமணம் என்றார்.

ஒருவருடைய புனிதமான முறை இன்னொருவருக்கு மகாபாவமாக இருந்தது. அறுவடை முடிந்த வயலில் காகங்கள் கத்துவதுபோல் சாயங்காலம் வரை கத்தினார்கள். முடிவில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட வாசகம் இது: 'குடும்பம் என்பது குடும்பமே. அதல்லாதது குடும்பம் அல்ல.' கைதட்டல் எழுந்தது. கபீரும் தட்டினார். எதற்கென்று அவருக்குத் தெரியவில்லை.

அப்புறம்தான் நெடுமாறன் ஒரு குறையைக் கண்டுபிடித்தார். எதிர்ப்புத் தீர்மானம் தயாராகிவிட்டது, எதிர்ப்பதற்கு வட்டாரத்தில் ஆள் வேண்டாமா? டெல்லிக்காரர்களை இங்கிருந்து எதிர்த்தால் அவர்கள் காதில் விழுமா? எல்லோரும் யோசித்தார்கள். யோசித்த எல்லோர் கண்களும் மெதுவாக, ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த கபீர் பக்கம் திரும்பின.

"கபீர் பாய், உங்க பின்கட்டுல ரெண்டு பொண்ணுங்க இருக்குல்ல?"

கனிமொழி இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். நன்னிலம் பக்கத்துக் கிராமம். தாத்தா காலம்வரை பிறர் வயலில் கூலிக்கு இறங்கிய குடும்பம். அப்பா செல்லதுரை சொந்தமாக நிலம் வாங்கி, மகளைப் படிக்கவும் வைத்தார். மாப்பிள்ளை வேண்டாம் என்று மகள் சொன்ன நாளிலிருந்து அவர் அவளோடு பேசுவதில்லை. ஆனந்தவல்லி தையல்காரி, கடைத்தெருவில் ரவிக்கை தைக்கிறாள். இரண்டு பேரும் கபீர் வெளிநாட்டில் இருக்கும்போதே குடிவந்தவர்கள். ஊர் அவர்களை 'பிரெண்ட்ஸ்' என்று சொல்லிவிட்டு அதற்கு மேல் யோசிக்காமல் இருந்தது. அப்படி யோசிக்காமல் விடுவதும் ஒரு கருணைதான். அதைத்தான் இப்போது குழு முடிவுக்குக் கொண்டுவந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குழு நேரில் விசாரிக்க வந்தது. ஆனந்தவல்லி எல்லோருக்கும் நன்னாரி சர்பத் கொடுத்தாள். நெடுமாறன் சர்பத்தை உறிஞ்சிக்கொண்டே அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"கட்டில் ஒண்ணுதான் இருக்கு" என்றார், பிடித்துவிட்ட குரலில்.

"ரூமே கட்டில் அகலம்தான் சார்" என்றார் கபீர். வீட்டுக்காரர் என்ற முறையில் அவருக்கு அது கூச்சமாக இருந்தது.

இராஜாங்கம் கலாசாரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். ஒருவனுக்கு ஒருத்தி என்பது நம் மண்ணின் வாழ்வு என்றார். ஆனந்தவல்லி மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில் உள்ளே போய் இரண்டு பொட்டலங்களோடு வந்தாள்.

"சார், உங்க வீட்டு ஜாக்கெட் தச்சிட்டேன். பாபநாசத்து வீட்டு ஜாக்கெட்டும் தயாரா இருக்கு. ரெண்டையும் கையோட எடுத்துட்டுப் போயிடுறீங்களா?"

நெய்னா முகம்மது தம்ளருக்குள் எதையோ தேடினார். இராஜாங்கத்தின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பொட்டலங்களை வாங்கி உதவியாளரிடம் கொடுத்தார். "ரெண்டா இருந்தாலும் ரெண்டையும் நான் குடும்பமாத்தாம்மா வச்சிருக்கேன்" என்றார்.

மறுநாள் முடிவு வந்தது. மாதக் கடைசிக்குள் கபீர் அவர்களைக் காலி செய்யச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இனி கோயில், பள்ளி, மாதா கோயில் எதற்கும் அவருடைய மைக் செட் வராது. கடவுள் இல்லை என்று சொல்லும் கூட்டத்துக்கும் வராது என்று நெடுமாறன் தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டார். இத்தனை நம்பிக்கைகளும் ஒரே வாயால் பேசுவதைக் கபீர் அன்றுதான் கேட்டார்.

கபீர் வாதாடத் தெரிந்தவர் அல்ல. மார்க்கம் எதைக் கூடாது என்று சொல்லியிருக்கிறதோ அது கூடாது என்று நம்புகிறவர். அதில் அவருக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது. ஆனால் தீர்ப்பு நாள் ஒன்று இருக்கிறது, அதற்கு ஒரு எஜமான் இருக்கிறான் என்பதும் அதே மார்க்கம்தான் சொல்லியிருந்தது. அந்த நாளுக்கு முன்னால் இராஜாங்கம் ஏன் சாமியானா போடச் சொல்கிறார் என்பதுதான் அவருக்குப் புரியவில்லை.

அவரைத் தடுத்தது வேறொன்று. கொரோனா வந்த வருடம் அவர் ஷார்ஜாவில் மாட்டிக்கொண்டார், விமானம் கிடையாது. ஹலீமா குழந்தையோடு கூத்தாநல்லூரில் தாய் வீட்டில் இருந்தாள், ரோட்டை அடைத்துவிட்டார்கள். இங்கே அவருடைய அம்மா சைத்தூன் பீவி தனியாகக் காய்ச்சலில் கிடந்தார். சொந்தக்காரர்கள் தெருமுனை வரை வந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். உள்ளே போனது பின்கட்டிலிருந்த இரண்டு பெண்கள்தான். ஆனந்தவல்லி கஞ்சி காய்ச்சினாள். கனிமொழி பக்கத்திலேயே இருந்தாள். கடைசி மத்தியானம் கபீர் போன் செய்தார். அந்தப் போனில் ஸ்பீக்கர் பழுது. காதில் வைத்தால்தான் கேட்கும், அம்மாவின் காதோ மந்தம். கனிமொழி போனைத் தன் காதில் வைத்துக்கொண்டு, கபீர் சொல்வதை ஒவ்வொரு சொல்லாக அம்மாவின் காதோடு வாய் வைத்துச் சொன்னாள். "அம்மா, நான் கபீரு பேசுறேன்" என்று அவள் சொன்னது அங்கே கடல் தாண்டி இவருக்குக் கேட்டது. கடைசி நேரத்தில் ஓதும் கலிமாவையும் அவர் சொல்லச் சொல்ல, அவள் தப்பும் சரியுமாகச் சொன்னாள். மக்காவிலிருந்து வந்த ஜம்ஜம் தண்ணீரை ஸ்பூனால் விட்டாள். அந்தக் கலிமாவை ஆண்டவன் ஏற்றுக்கொண்டான் என்பதில் கபீருக்கு எப்போதும் சந்தேகம் வந்ததில்லை.

அப்படிப்பட்டவளிடம் காலி பண்ணு என்று எந்த வாயால் சொல்வது? சொல்லாவிட்டால் தொழில் இல்லை, திரும்பவும் அரபு நாடுதான். ஹலீமாவிடம் கேட்டார். "என்னைக் கேக்காதீங்க. உங்கம்மா இருந்தா என்ன சொல்லுவாங்கன்னு யோசிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அவள் மீன் கழுவப் போய்விட்டாள். மாதக் கடைசிக்குள் ஒரு பேரணி இருந்தது. அது முடியட்டும் என்று கபீர் தள்ளிப்போட்டார். கொல்லையில் கனிமொழியைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டார். பெண்கள் இரண்டு பேருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. பின்கட்டில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டும் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது.

பேரணி நாளும் வந்தது. தீர்மானத்தைத் தாலுகா ஆபீசில் கொடுத்து டெல்லிக்கு அனுப்பச் செய்வதுதான் திட்டம். கபீரின் குட்டியானை வண்டியில் ஆம்பிளிபயரும், பேட்டரியும், மேலே இரண்டு குழாயும். வண்டிப் புகை தலைவர் மேல் படக் கூடாது என்று அதைக் கடைசியில் வரச் சொல்லிவிட்டார்கள். தலைவர் கையில் ஒயர் இல்லாத மைக். அவர் முன்னால் பேசுவார், குரல் பின்னாலிருந்து வரும்.

ரயில்வே கேட்டை நெருங்கினார்கள். கேட் போட்டாயிற்று.

நீடாமங்கலத்தில் கேட் போட்டால் என்ன ஆகும் என்று அந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நெல் ஏற்றிய கூட்ஸ் ஒன்று வரும். போகும். அதன் இன்ஜின் மட்டும் தனியாகத் திரும்பி வரும், எதையோ மறந்துவிட்டதுபோல் மறுபடி போகும். பேருந்துகள் வந்து நின்றன, லாரிகள் நின்றன, கரும்பு ஏற்றிய டிராக்டர் நின்றது. இராஜாங்கம் திரும்பிப் பார்த்தார். குழுவின் வரலாற்றில் இவ்வளவு பெரிய கூட்டம் அதற்கு வாய்த்ததே இல்லை. எழுந்து போகவும் அவர்களுக்கு வழி கிடையாது.

"மாநாட்டை இங்கேயே நடத்திடுவோம்" என்றார்.

மௌனம் அனுசரித்தார்கள். பின்னாலிருந்த பேருந்துகள் ஹாரன் அடித்தன. அதை ஆதரவு என்று நெடுமாறன் அறிவித்தார். இராஜாங்கம் தொடங்கினார். வெயில் தலைக்கு மேலே நின்றது. வற்றிக் கிடந்த வெண்ணாற்றிலிருந்து அனல் வீசியது. கபீர் ஒலியைச் சரிபார்த்துக்கொண்டு வண்டியின் பின்பக்கம் நின்றார்.

அப்போதுதான் ஆனந்தவல்லியைப் பார்த்தார். பேருந்துக்கும் லாரிக்கும் நடுவில் மாட்டியிருந்த ஒரு ஆட்டோவிலிருந்து இறங்கி, கூட்டத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தாள். பேட்ஜ் குத்திய ஒரு தொண்டரிடம் கையைக் கூப்பி, ஓரத்து மண்பாதையைக் காட்டி எதையோ கேட்டாள். "தீர்மானம் படிச்சு முடிக்கட்டும்மா, வழி விட்டுடுறோம்" என்றார் அவர், கனிவாகத்தான். அவள் அடுத்தவரிடம் போனாள். அவர் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

கபீர் ஆட்டோவை எட்டிப் பார்த்தார். கனிமொழி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"காலையிலேருந்து வலிக்குது பாய் அண்ணே" என்றாள் திரும்பி வந்த ஆனந்தவல்லி.

"என்னைக் கூப்பிட்டா என்னம்மா?"

"நீங்க பேரணியில இருப்பீங்கன்னுதான்..."

கபீர் குழாய்களைப் பார்த்தார். அதில் இராஜாங்கம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஒரு உயிருக்கு ஆபத்துன்னா ஓடி வந்து நிக்கறதுதான் நம்ம பண்பாடு. எந்த நேரமா இருந்தாலும் இந்தக் குழு அங்க வந்து நிக்கும்."

உண்மைதான். குழு அங்கேதான் நின்றுகொண்டிருந்தது.

குட்டியானைக்குப் பக்கத்தில் ஆற்றங்கரை மண்பாதை பிரிந்தது. அந்த வழியாக ஊரைச் சுற்றிக்கொண்டு மன்னார்குடி ரோட்டைப் பிடித்துவிடலாம். கபீர் வண்டி மேல் ஏறிக் கயிற்றை அவிழ்த்தார். மைக்கை நிறுத்தினால் எல்லோரும் திரும்புவார்கள், யாராவது ஏன் என்பார்கள், அதற்கு ஒரு துணைக்குழு போடுவார்கள். நிறுத்தாமலே இறக்கினார். முதலில் பேட்டரியையும் ஆம்பிளிபயரையும் பூட்டிக்கிடந்த டீக்கடையின் பெஞ்சில் வைத்தார். அப்புறம் பேசிக்கொண்டிருந்த குழாய்களை, ஒவ்வொன்றாக, ஒயர் அறாமல், தூங்கும் பிள்ளையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் தூக்கி வந்தார். கலாசாரம், கலாசாரம் என்று அது அவர் மார்புக்குள்ளேயே கத்தியது. கூட்டத்தின் பக்கம் திருப்பி வைத்தார். ஒரு சொல்கூடக் குறையவில்லை. யாரும் திரும்பவில்லை. கனிமொழியைக் கைத்தாங்கலாக வண்டியில் படுக்கவைத்தார்கள். சாமியானாத் துணியை மடித்துத் தலைக்கு வைத்தார்.

மண்பாதையில் வண்டியை வேகமாகவும் ஓட்ட முடியவில்லை, மெதுவாகவும் ஓட்ட முடியவில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்னாலிருந்து ஒரு முனகல் வந்தது. ரொம்ப தூரம் வரைக்கும் இராஜாங்கத்தின் குரல் பருத்தி வயல்களுக்கு மேலே அவர்களைத் துரத்திக்கொண்டு வந்தது. தன் மைக் செட் இவ்வளவு நன்றாகக் கேட்கும் என்பதற்காகக் கபீர் முதல்முறையாக வருத்தப்பட்டார். முனகல் நின்றபோது அதைவிடப் பயமாக இருந்தது. ஓதிக்கொண்டே ஓட்டினார்.

குடல்வால் வெடிக்கிற நிலையில் இருக்கிறது, உடனே ஆபரேஷன் என்றாள் மன்னார்குடி ஆஸ்பத்திரி டாக்டர். "சொந்தக்காரங்க யாரு?"

"நான்" என்றாள் ஆனந்தவல்லி.

"நீங்க என்ன முறை?"

ஆனந்தவல்லி வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். அந்த வாய் மூடியதைப் பார்த்தபோது கபீருக்குத் தன் மகளின் கேள்வி ஞாபகம் வந்தது. அவர் பொய் சொல்லாதவர். உண்மைக்கு என்ன பெயர் என்றும் அவருக்குத் தெரியவில்லை.

"டாக்டரம்மா, இவங்க ரெண்டு பேரும் எங்க வீட்டுல குடியிருக்காங்க. அந்தப் பொண்ணுக்குக் காய்ச்சல்னா இந்தப் பொண்ணுதான் கஞ்சி வைக்குது. எங்க அம்மாவுக்கும் இவங்கதான் வச்சாங்க. அதுக்கு என்ன முறை உண்டோ, அதைப் போட்டுக்குங்க."

டாக்டர் அவரைப் பார்த்தாள், ஆனந்தவல்லியைப் பார்த்தாள். "கையெழுத்துப் போடுங்கம்மா" என்று பேனாவை ஆனந்தவல்லியிடம் நீட்டினாள். குழுவுக்குச் சாயங்காலம் வரை நேரம் பிடித்த வேலை அது.

கனிமொழி பிழைத்துக்கொண்டாள். மயக்கம் தெளியக் கொஞ்ச நேரம் ஆகும் என்று வார்டில் படுக்க வைத்தார்கள். ஆனந்தவல்லி மருந்து வாங்கக் கீழே போனாள். கபீர் வராந்தாவில் அசர் தொழுது முடித்தபோது போன் அடித்தது. இராஜாங்கம்.

மாநாடு பெரும் வெற்றியாம். எத்தனையோ வாகனங்கள் கலந்துகொண்டதாகப் பத்திரிகைக்குச் சொல்லியாகிவிட்டதாம். கேட் திறந்ததும் கூட்டம் ஏனோ கலைந்துவிட்டது. நன்றியுரையில் யார் பெயர் முதலில் என்பதில் நெய்னா முகம்மதுவுக்கும் தனக்கும் கொஞ்சம் மனத்தாங்கல், இனி அந்த ஆளோடு ஒரே மேடையில் ஏறுவதாக இல்லை. மைக் செட்டை எடுக்க ஏன் வரவில்லை என்று கேட்டார். அப்புறம், "அந்தப் பொண்ணுங்கள்ட்ட சொல்லிட்டீங்களா?" என்றார்.

"இல்லைங்க. சொல்லப் போறதில்லைங்க."

"தொழிலு போயிடும் பாய்."

"போவட்டுங்க" என்றார் கபீர். போனை வைத்தார்.

மறுபடி போன் அடித்தது. இராஜாங்கம்தான் என்று நினைத்து எடுத்தார். ஒரு பெண் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு. கனிமொழியின் அம்மா காத்தாயி. ஆனந்தவல்லி அவர்கள் வீட்டுக்குப் போன் செய்து சொன்னதும் செல்லதுரை பதில் பேசாமல் வைத்துவிட்டாராம். யாரிடம் விசாரிப்பது என்று தெரியாமல் தவித்தபோது, ஊர்த் திருவிழாவுக்கு வந்து திரும்பாமல் கிடந்த நாற்காலி ஒன்றின் முதுகில் மகளின் வீட்டுக்காரர் பெயரையும் நம்பரையும் பார்த்திருக்கிறார். வாய்க்கால் மதகடியில் நின்று பேசுவதாகச் சொன்னார்.

"இருக்காளா தம்பி?"

"நல்லா இருக்காம்மா. மயக்கத்துல இருக்கு. உள்ள போன் கொண்டுபோகக் கூடாதுங்கறாங்க."

அந்தப் பக்கம் அழுகை. பிறகு அழுகையை விழுங்கும் சத்தம். "அவரு இந்தப் பக்கம் வர்றாரு, நான் வைக்கணும். ஒரு ஒத்தாசை பண்ணுவீங்களா தம்பி? நான் சொல்றத அவ காதுல சொல்லிடுறீங்களா?"

கபீர் கேட்டுக்கொண்டார். போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். வார்டில் வேறு யாரும் இல்லை. ஜன்னல் வழியாக மாலை வெயில் கட்டில் கால் வரை வந்து நின்றிருந்தது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கட்டிலைத் தொடாமல் குனிந்து, அவள் காதருகே வாயைக் கொண்டுபோனார். ஊருக்கே கேட்கும்படி பேச வைத்துப் பிழைத்த மனிதருக்கு, அந்தக் காதைத் தாண்டி ஒரு சொல்லும் போய்விடக் கூடாது என்று இருந்தது.

"கனி, அம்மா பேசுறேன்" என்றார். "ஒம் மேல எனக்குக் கோவமே இல்ல கண்ணு. கஞ்சி குடிச்சியா? தண்ணி தொறந்து நடவு முடிஞ்சதும் வர்றேன். வல்லிக்கும் சேத்து மாவிடிச்சு எடுத்தாறேன்."

கனிமொழியின் இமை அசைந்ததா, இல்லையா என்று தெரியவில்லை. அவர் இன்னும் கொஞ்சம் குனிந்து, கேட்டிருக்காவிட்டால் என்ன செய்வது என்று, முதலிலிருந்து மறுபடியும் சொன்னார்.

"அம்மா பேசுறேன்."